மேப் பையில் வந்த மரச்சீனி

பிரேசில் தேசத்தைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவன் அந்தக் காலத்தில் கரமனையில் ஒருத்தன் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த அறிவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்று சொல்வதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கேட்டுவிட்டு நீங்கள் என்னைத் திட்டலாம். நான் திட்டிக்கொண்ட அளவுக்கு உங்களால் முடியாது.

திருவனந்தபுரத்தில் கரமனை அக்ரஹாரத்தில் வீடு, ஊரிலேயே ஒரு ஹைஸ்கூலில் பூகோள வாத்தியாராக இருந்தேன். அஞ்சாம் ஃபாரத்துக்குத் தென் அமெரிக்கா பாடம். மற்ற வாத்தியார்கள் இரண்டு வாரத்தில் அந்தக் கண்டத்தையே சுருட்டி மூலையில் சாத்திவிடுவார்கள். எனக்குப் பிரேசிலுக்கு மட்டும் ஒரு மாசம் வேண்டும். நான் ஆயுசில் போன அதிகபட்ச தூரம் திருநெல்வேலி. அதுவும் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போனது. ஆனால் அமேசான் நதியில் எந்தக் கிளை நதி எங்கே வந்து சேர்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

ஏன் பிரேசில் என்று ஹெட்மாஸ்டர்கூட ஒருதரம் கேட்டார். "சார், அது நம்ம ஊர்தான் சார், கொஞ்சம் பெரிசு" என்றேன். உண்மைதானே. அதே பூமத்திய ரேகைப் பக்கம், அதே புழுக்கம், அதே மழை. நம்மைப் பிடித்த போர்த்துக்கீசியன்தான் அவர்களையும் பிடித்தான். அங்கே கரும்பு போட்டான், கரும்பு வெட்ட ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து கொன்றான். போகிற வருகிற கப்பலில் அங்கே விளைந்ததையெல்லாம் நம் கடற்கரையில் இறக்கினான். கொல்லாமரம், அதுதான் முந்திரி, அங்கிருந்து வந்தது. அன்னாசி அங்கிருந்து வந்தது. ரப்பர் விதையை வெள்ளைக்காரன் அள்ளிக்கொண்டு வந்தான், அது இப்போது நம் மலையெல்லாம் நிற்கிறது. மரச்சீனிக் கிழங்கும், மரவள்ளி என்பார்களே, அதுவும் அந்த ஊர்க்காரன்தான். என் வகுப்பில் படித்த எவனை எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வான்.

வீட்டிலும் இதே பாட்டுத்தான். பிரேசிலில் காப்பி விலை விழுந்தபோது காப்பிக்கொட்டையை மலைமலையாகக் கொளுத்தினார்கள், ரயில் இன்ஜினில்கூடக் கரிக்குப் பதிலாகப் போட்டு ஓட்டினார்கள் என்று ஒருநாள் என் மனைவியிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த டபராவைக் கீழே வைத்துவிட்டாள். "காப்பியையா? எரிச்சாளா? பாவிகள்! அவா நன்னாவே இருக்க மாட்டா" என்றாள். அன்றைக்கு முழுக்க அவளுக்கு மனசே சரியில்லை. காப்பிக்கே அப்படி இருந்தவள்.

அப்புறம் யுத்தம் வந்தது. பாடப் புத்தகத்தில் நான் சிரித்துக்கொண்டே நடத்தின விஷயமெல்லாம் வாசலில் வந்து நின்றது. திருவிதாங்கூரில் விளைகிற நெல் திருவிதாங்கூர் ஜனங்களுக்கு என்றைக்குமே காணாது. கடலோரம் பூராத் தென்னை. மலைச்சரிவு பூரா மிளகு, ரப்பர், தேயிலை. எல்லாம் விற்கிற சரக்கு, தின்கிற சரக்கு இல்லை. சோற்றுக்கு நாஞ்சில் நாட்டையும் குட்டநாட்டையும் விட்டால் பர்மாதான். பர்மாவை ஜப்பான்காரன் பிடித்தான். அத்தோடு அரிசிக் கப்பல் நின்றது. இதை என் பையன்களுக்கு மேப்பில் குச்சி வைத்துக் காட்டினேன். காட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் பானையில் அரை வயிற்றுக்குச் சாதம் இருக்கும்.

ரேஷன் அரிசி என்று ஒன்று கொடுத்தார்கள். அரிசி பாதி, கல்லும் புழுவும் பாதி. வேகவைத்தால் பழைய சாக்கு நாற்றம். அதுவும் வாரத்தில் நாலு நாளைக்குத்தான் வரும். எங்கள் வீட்டில் மூன்று பேர். நான், என் மனைவி, எங்கள் பெண். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்தவள். அப்போது அவளுக்கு ஆறு வயசு.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அவளுக்கு டைபாய்டு வந்தது. நாற்பது நாளும் நான் சாமிக்கு நேர்ந்துகொள்ளாத நேர்ச்சை இல்லை. பிழைத்துவிட்டாள். கை கால் குச்சியாக, கண் மட்டும் பெரிசாக எழுந்து உட்கார்ந்தாள். டாக்டர் சொன்னார்: "இனிப் பயமில்லை. வயிறு நிறையச் சாப்பாடு போடுங்கள். அதுதான் மருந்து." வயிறு நிறையவா! அந்த மனுஷரை அப்படியே அறைந்துவிடலாமா என்றிருந்தது. நானூறு ரூபாய் ஊசி எழுதிக் கொடுத்திருந்தால்கூட எவன் காலிலாவது விழுந்து வாங்கியிருப்பேன். சோற்றுக்கு எங்கே போவேன்?

டைபாய்டு இறங்கினபின் வருகிற பசியைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். "அம்மா, இன்னும் கொஞ்சம்." இதுதான் அவள் நாள் முழுக்கச் சொல்கிற வார்த்தை. எங்கள் பங்கையும் சேர்த்துப் போடுவோம். தின்றுவிட்டுத் தட்டை வழித்து நக்கிவிட்டு, மறுபடியும் "இன்னும் கொஞ்சம்". இல்லை என்றால் அழமாட்டாள். அழுதாலாவது பரவாயில்லை. பானையை எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்ப் படுத்துக்கொள்வாள். ஒருநாள் மனைவி கோலத்துக்கு வைத்திருந்த பச்சரிசி மாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவைக் கண்டதும் பயந்து துப்பிவிட்டாள். என் மனைவி அந்த டப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

எங்கள் வீட்டு முற்றம் பெருக்க ஒருத்தி வருவாள். மத்தியானம் கொல்லைப் பலாமரத்தடியில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த மரச்சீனியை மிளகாய்ச் சம்மந்தித் துவையலில் தொட்டுத் தின்பாள். ஊரில் பாதிப் பேருக்கு அந்த நாளில் அதுதான் உயிர். என் பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அன்று நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கேட்டாள்.

"அப்பா, பிரேசில்ல சாதம் கிடைக்குமா?"

"அவாளுக்குச் சாதம் வேண்டாண்டி. மரச்சீனி இருக்கு."

"வயிறு ரொம்புமா அதுல?"

"ரொம்பும்."

"அப்போ நாமளும் திங்கலாமே அப்பா."

ஆறு வயசுக் குழந்தைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை பாருங்கள். தெரியாமல் என்ன, தெருவுக்குப் பயம். எங்கள் அக்ரஹாரத்தில் மரச்சீனி படியேறாது. அது முற்றம் பெருக்குகிறவர்கள் தின்கிற வஸ்து. திவசத்தன்று மிளகாயே கூடாது, அந்நிய தேசத்துச் சரக்கு என்று ஒதுக்குகிற தெரு. முந்தின காலத்தில் ஒரு மகாராஜா, ஜனங்கள் பயப்படாமல் தின்னட்டும் என்று மரச்சீனியைத் தானே சாப்பிட்டுக் காட்டினார் என்று சொல்வார்கள். மகாராஜா சாப்பிட்டால் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். எங்கள் தெரு மகாராஜாவைவிட ஒசத்தி! இந்தத் தெரு எத்தனை வீட்டுக்கு விருந்துக்குப் போகாமல் நிறுத்தியிருக்கிறது, எத்தனை பேருக்குக் கோவில் வரிசையில் இடம் இல்லாமல் பண்ணியிருக்கிறது என்று நான் பார்த்திருக்கிறேன்.

அதற்குமேல் வீட்டு அமைப்பு. எங்கள் வீடுகள் ஒட்டு வீடுகள். இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். இந்தப் பக்கம் தாளித்தால் அந்தப் பக்கம் தும்மல் கேட்கும். எல்லா வீட்டுக் கொல்லைக்கும் பின்னால் ஒரே ஓடை, ஆற்றுக்குப் போவது. எந்த வீட்டில் என்ன கழுவினார்கள், என்ன வடித்தார்கள் என்று அந்த ஓடையைப் பார்த்தே எங்கள் தெருப் பெண்கள் சொல்லிவிடுவார்கள்.

மனைவியிடம் மெதுவாகச் சொன்னேன். முதலில் காதைப் பொத்திக்கொண்டாள். "தெரிஞ்சா தள்ளி வெச்சுடுவாண்ணா. நாளைக்கு இவளுக்கு ஒரு வரன் பார்க்க வேண்டாமா?" என்றாள். வரன்! குழந்தையின் முதுகில் எலும்பை எண்ணிக்கொண்டிருந்தோம், அதற்குள் வரன். இரண்டு நாள் கழித்து அவளே வந்து, "கொண்டு வாங்கோ. ஆனா ஒருத்தர் கண்ணுலயும் படப்படாது" என்றாள்.

சாலைக் கடைத்தெருவில் கிழங்கு குவித்துப் போட்டு விற்றார்கள். அங்கே போக முடியாது. அடிக்கு ஒரு தெரிந்த முகம். அதனால் மலையடிவாரத்தில் வித்துராவுக்குப் போவதென்று முடிவு பண்ணினேன். கொண்டுவருவது எப்படி? அங்கேதான் என் மூளை வேலை செய்தது. பள்ளிக்கூடத்து மேப்புகளைச் சுருட்டி வைக்க நீளமான கித்தான் பை ஒன்று உண்டு. தென் அமெரிக்கா மேப் இருந்த பையைக் காலி பண்ணி எடுத்துக்கொண்டேன். பூகோள வாத்தியார் மேப் பையோடு போனால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்?

சனிக்கிழமை காலையில் பஸ் ஏறினேன். பெட்ரோல் இல்லாத காலம், கரிப்புகையில் ஓடுகிற பஸ். நெடுமங்காடு தாண்டி மேடு வந்த இடத்திலெல்லாம் எல்லாரையும் இறக்கித் தள்ளச் சொன்னார்கள். பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நானும் தள்ளினேன். வித்துராச் சந்தையில் எனக்கு முன்னாலேயே யாரோ வந்து எல்லாக் கிழங்கையும் வாங்கிப் போயிருந்தார்கள். விசாரித்துக்கொண்டு கல்லாற்றுப் பக்கம் நடந்தேன். ஆற்றுக்கு மேலே சரிவில் ஒரு பெண்பிள்ளை மரச்சீனி போட்டிருந்தாள். நாற்பது வயசு இருக்கும், முழங்கைவரை மண். கேட்டதும் நாலு செடியை வேரோடு பிடுங்கிப் போட்டாள். ஒவ்வொரு கிழங்கும் என் கை நீளம். பார்த்ததுமே எனக்கு வாயில் எச்சில் ஊறியது. நானும் பசியோடுதானே இருந்தேன்.

"ஸாமி, இது மலையில வெச்சதாக்கும். பன்னி தொடாத ஜாதி. கட்டு உண்டு" என்றாள்.

கட்டு என்றால் கிழங்கில் இருக்கிற விஷம். அந்த வார்த்தை அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாத்தியாருக்கு வாய் வருமா? "பன்னி தொடாவிட்டால் ரொம்ப நல்லதாச்சு, எங்களுக்கு ஏற்றதுதான்" என்று ஹாஸ்யம் பண்ணினேன்.

"அதில்ல ஸாமி. வேவிக்கும்போ வெள்ளம்..." வெள்ளம் என்று அவள் சொன்னது வேகவைக்கிற தண்ணீரை.

"அம்மா, இந்தக் கிழங்கு எந்த ஊர்ச் சரக்குன்னு உனக்குத் தெரியுமோ?" என்று ஆரம்பித்தேன்.

அந்தச் சரிவில் நின்று, அந்தப் பெண்பிள்ளைக்குப் பிரேசில் பாடம் நடத்தினேன் சார்! உன் கல்லாற்றைப் பார்த்தால் அமேசான் சிரிக்கும் என்றேன். அங்கே காட்டு ஜனங்கள் இந்தக் கிழங்கைத் துருவி, ஓலைக்குழாயில் போட்டு முறுக்கி, விஷச்சாற்றைப் பிழிந்து எறிந்துவிட்டு மாவாக்கித் தின்கிறார்கள் என்றேன். என் வாயாலேயே சொன்னேன். விஷச்சாறு என்று சொன்னேன். அவள், "அதே ஸாமி, அதே தன்னே நானும்..." என்று மறுபடி ஏதோ சொல்ல வந்தாள். எனக்கு எல்லாம் தெரியும் என்று கையைக் காட்டினேன். அவள் ஒரு மாதிரிச் சிரித்து, "ஸாமிக்கு எல்லாம் தெரியுமல்லோ" என்றாள்.

புத்தகத்தில் இருந்தது பிரேசில் கிழங்கு. அங்கே விஷம் உண்டு. என் முன்னால் கிடந்தது கல்லாற்றுக் கிழங்கு. இதை ஊரே வேகவைத்துத் தின்கிறது. இரண்டும் ஒரே செடி என்று எழுதாதவனுக்கு நான் மார்க்கைக் குறைப்பேன். என் புத்தி இருந்த லட்சணம் அது.

கிழங்கை ஆற்றில் நன்றாக அலசி, துண்டால் துடைத்து, பைக்குள் அடுக்கினேன். திரும்பி வந்து தெருமுனையில் இறங்கும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் கேட்டார், "என்ன ஓய், லீவு நாள்லயும் மேப்பு?"

"தென் அமெரிக்கா" என்றேன். உள்ளே வந்து நானும் மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். எத்தனையோ மாசத்துக்கப்புறம் அந்த வீட்டில் சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கதவைச் சாத்தினோம். ஜன்னலைச் சாத்தினோம். வாசனை போகக் கூடாது என்று புகைக்கூண்டுக்கு அடியில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டோம். என் மனைவி திருநெல்வேலிப் பக்கத்து அக்ரஹாரத்துப் பெண். பிறந்த வீட்டில் மரச்சீனியைக் கண்ணால் பார்த்தவளில்லை. தோலை அரிவாள்மணையில் சீவி, துண்டு போட்டு, பானையில் தண்ணீர் விட்டு ஏற்றினாள். தட்டைப் போட்டு மூடி அதன்மேல் அம்மிக்குழவியை வைத்தாள், ஆவி வெளியே போகாமல் இருக்க. முற்றம் பெருக்குகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்டால் மறுநாள் தெரு முழுக்கத் தெரிந்துவிடுமே.

வெந்துவிட்டது. மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "ஏன்னா, இந்த ஜலத்தைக் கொட்டணுமோ?"

கேட்டாள். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன். அவள் கேட்டாள்.

"கொட்டாதே. சத்தெல்லாம் அதுலதான் இருக்கும். அதோட, வெள்ளையா நுரைச்சுண்டு ஓடையில போனா ஊரே கேக்கும். கஞ்சியா மசிச்சுடு" என்றேன்.

மசித்தாள். உப்புப் போட்டு, மோர் விட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டாள். குழந்தைக்கு ஒரு பெரிய கிண்ணம் நிறையக் கொடுத்தோம். ஒரு வாய் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கொஞ்சம் கசக்கறது அப்பா."

"பிரேசில் கிழங்கு அப்படித்தாண்டி இருக்கும், கண்ணு. சாப்பிடு."

சாப்பிட்டாள். ஐயோ, என்ன ஆசையாய்ச் சாப்பிட்டாள்! கிண்ணம் காலியாச்சு. இன்னொரு கிண்ணம் கொடுத்தோம். நாங்கள் ஆளுக்கு இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டோம். மீதியெல்லாம் அவளுக்கென்று வைத்தோம். இரண்டாவது கிண்ணத்தில் பாதி இருக்கும்போது அவள் கையை எடுத்துவிட்டு அம்மாவைப் பார்த்து, "போதும்மா" என்றாள்.

போதும். டைபாய்டு இறங்கினதிலிருந்து அவள் வாயிலிருந்து நாங்கள் கேட்காத வார்த்தை. என் மனைவி அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "இன்னும் ரெண்டு வாய், எனக்காக" என்று அந்த மீதியையும் ஊட்டினாள். பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷம் நடத்தின பாடத்துக்கு இன்றைக்குத்தான் அர்த்தம் வந்தது என்று நினைத்தேன். அப்படியே நினைத்தேன், மறைக்கவில்லை.

மூன்று மணிக்குள் குழந்தை தலை சுற்றுகிறது என்றாள். எனக்கும் லேசாகச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, பசி மயக்கம் என்று விட்டுவிட்டேன். எழுந்து நின்றவள் தள்ளாடிச் சுவரைப் பிடித்தாள். வாந்தி எடுத்தாள். ஒன்று, இரண்டு, நிற்கவே இல்லை. மூச்சு வேகவேகமாக இழுத்தது. உதடு நிறம் மாறியது. "அம்மா, கண்ணு தெரியலை" என்றாள். என் மனைவி போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு மாமி கொல்லைக் கதவை இடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"என்னடி ஆச்சு? என்ன குடுத்தேள் குழந்தைக்கு?"

நான் சொன்னேன்: "சாதம். ரேஷன் அரிசிச் சாதமும் மோரும்."

என் குழந்தை என் கையில் துவண்டு கிடக்கிறது, நான் சாதம் என்று சொல்கிறேன். இப்படி ஒரு மனுஷன் உண்டா? இதைவிடக் கேவலமாக ஒருத்தன் பொய் சொல்ல முடியுமா? இந்த இடத்தைச் சொல்ல வேண்டாம் என்று எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன். ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொல்லி என்ன புண்ணியம்.

மாமி என்னை நம்பவில்லை. மூக்கை ஒருதரம் உறிஞ்சினாள். நேரே அடுக்களைக்குப் போய்ப் பானையைத் திறந்தாள். திரும்பி வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. என் மனைவியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"மரச்சீனிதானேடி? ஜலத்தைக் கொட்டலையா நீ? ரெண்டு தரம் கொட்டணுமேடி! கொட்டாம குடுத்துட்டியா, மகாபாவி!"

என் மனைவி என்னைப் பார்த்தாள்.

மாமி உப்புத் தண்ணீரைக் கரைத்து வாயில் விட்டாள், உள்ளே இறங்கவில்லை. கருப்பட்டி கரைத்து விட்டாள், கடைவாயில் வழிந்தது. நான் தெருவில் ஓடி வண்டிக்காரனைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். மாட்டை அடி, அடி என்று கத்திக்கொண்டே போனேன். மேல்துண்டுகூட இல்லை, தெருவே வாசலில் நின்று பார்த்தது. மடியில் அவள் உடம்பு இரண்டு தரம் விறைத்துத் தூக்கிப் போட்டது. கிள்ளிப்பாலம் ஏறும்போது மூச்சு இருந்தது. இறங்கும்போது இல்லை. நான் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் அடி, அடி என்று சொல்லிக்கொண்டேதான் போனேன்.

டாக்டர் பார்த்துவிட்டு, "என்ன சாப்பிட்டாள்?" என்று கேட்டார். அப்போது சரியாகச் சொன்னேன்.

அடுத்த நாள் எல்லாம் முடிந்து, தரையில் கிடந்த என் மனைவிக்குப் பக்கத்தில் அடுத்த வீட்டு மாமி உட்கார்ந்திருந்தாள். நான் சுவரோடு சாய்ந்திருந்தேன். எனக்கு ஒன்று மட்டும் புரியவேயில்லை. கேட்டுவிட்டேன்.

"மாமி, ரெண்டு தரம் கொட்டணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பர்மா போனதுலேர்ந்து எங்காத்துல அதுதான். ஒருநாள் விட்டு ஒருநாள். கதவைச் சாத்திண்டுதான் வேக வெப்பேன். ஜலத்தை ஓடையில விடாம மாட்டுக்கொட்டில்ல குழி தோண்டிக் கொட்டுவேன், நீங்க பார்த்துடப்போறேளேன்னு."

நாங்கள் பார்த்துவிடுவோம் என்று!

எதிர்வீட்டிலும் அதுதான். 'லீவு நாள்லயும் மேப்பா' என்று கேட்டாரே, அவர் வீட்டில். அவர் ஆபீஸ் ஃபைல் கட்டுக்குள் வைத்துக் கொண்டுவருவாராம். தெருக்கோடியில் கோவில் கைங்கரியம் பண்ணுகிற வீட்டிலும் உண்டு. ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள், துக்கம் கேட்க வந்த இடத்தில். எல்லா வீட்டு அடுப்பிலும் மரச்சீனி. எல்லா வீட்டு ஜன்னலும் சாத்தல். எந்தச் சுவரில் தும்மல் கேட்கிறதோ அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், என் குழந்தையைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரு வாக்கியம் அத்தனை மாசமாக உட்கார்ந்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அத்தனை பேரையும் வெளியே போங்கோ என்று கத்தினேன். போனார்கள். அவர்களைப் பார்த்துக் கத்தி என்ன செய்ய? கல்லாற்றங்கரையில் ஒருத்தி வலியச் சொல்ல வந்தாளே. இரண்டு தரம் வந்தாளே. அவளுக்குப் பாடம் நடத்தினவன்தானே நான்.

சின்னக் குழந்தைக்கு வருஷாவருஷம் செய்கிற காரியம் எதுவும் கிடையாது என்று சாஸ்திரிகள் சொல்லிவிட்டார். எனக்கு அதுவும் இல்லாமல் போயிற்று. ஒரு வாரம் கழித்துக் கொல்லைப்பக்கம் போனேன், பட்டப்பகலில். ஓடை வெள்ளை வெளேரென்று நுரைத்துக்கொண்டு போயிற்று. மேலே இருக்கிற வீடுகள் எல்லாவற்றிலிருந்தும் பெண்கள் வெந்த தண்ணீரைக் கொண்டுவந்து எல்லார் கண் முன்னாலும் கொட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்ததும் ஒவ்வொருத்தியாகப் பானையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

பள்ளிக்கூடத்தில் மறு வருஷம் பிரேசில் வந்தது. நடத்தினேன். இரண்டு நாளில் முடித்துவிட்டேன். அந்த மேப் பையைத் திருப்பி வைக்க எனக்குக் கை வரவில்லை. தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் வீட்டிலும் அரிசி இல்லையே. உயிரோடு இருக்கிறவர்கள் தின்றுதானே ஆகவேண்டும். குழந்தை போய்ப் பத்து நாள் கழித்து என் மனைவி அடுப்பில் மரச்சீனியை ஏற்றினாள். கதவும் ஜன்னலும் திறந்தே இருந்தன. வெந்ததும் பானையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கொட்டிவிட்டு வந்து வேறு தண்ணீர் விட்டு மறுபடி ஏற்றினாள். மறுபடி கொட்டினாள். மூன்றாவது தரமும் கொட்டினாள். கிழங்கில் ருசியென்று ஒன்றும் மிஞ்சியிருக்காது. அப்புறம் அடுக்களையிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஜலத்தைக் கொட்டிட்டேன்."

அவள் என்னை ஒருநாளும் ஒரு வார்த்தை குற்றம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், காலில் விழுந்திருப்பேன். அவள் சொல்வது இது ஒன்றுதான். யுத்தம் முடிந்தது, அரிசி வந்தது. அரிசிச் சாதம் வடித்தாலும் சொல்கிறாள். இன்று காலையும் சொன்னாள்.

"ஜலத்தைக் கொட்டிட்டேன்."

இங்கிருந்து நான் "சரி" என்று சொல்ல வேண்டும். சொல்லும்வரை அடுப்பை விட்டு நகராமல் அங்கேயே நின்றுகொண்டிருப்பாள்.